அலோஹா: மன்னிக்கும்படி கேட்கப்பட்ட அரசி

பசுபிக் சமுத்திரத்தின் நடுவே, எந்தப் பெருநிலத்திலிருந்தும் இரண்டாயிரம் மைல்களுக்கு மேல் தள்ளிக் கிடப்பவை ஹவாய்த் தீவுகள். அவற்றின் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவில் எழுவது மலர்மாலையும் 'அலோஹா' என்ற சொல்லும்தான். வருபவரை வரவேற்கவும் அதே சொல், போகிறவரை வழியனுப்பவும் அதே சொல். உல்லாசப் பயணத்துறை அதனைப் பூப்போட்ட சட்டைகளில் அச்சிட்டு விற்கத் தொடங்கி நெடுங்காலமாகிறது. விற்பனைக்கு வந்துவிட்ட சொல்லுக்குள் ஏதேனும் மிஞ்சியிருக்குமா என்று ஐயுறுவது இயல்பே. ஆனால் இந்தச் சொல் ஒரு முறை கடுமையாகச் சோதிக்கப்பட்டது. அந்தச் சோதனையின் கதைதான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'அலோ' என்றால் முகம் அல்லது முன்னிலை, 'ஹா' என்றால் மூச்சு, ஆகவே 'உயிர்மூச்சின் முன்னிலை' என்பதே அலோஹா என்று ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆயினும் சமோவா மொழியில் இதே சொல் 'அலோஃபா' என்றும், நியூசிலாந்தின் மாவோரி மொழியில் 'அரோஹா' என்றும் வழங்குகின்றது. ஹவாய்க்கு மனிதர் வந்து குடியேறுமுன்பே உருவான பழஞ்சொல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அங்கெல்லாம் அதன் பொருள் அன்பு மட்டுமன்று. இரக்கமும் அதனுள் அடங்கும். சொல்லைத் துண்டு துண்டாக உடைத்துத் தத்துவம் காண்பதைவிட, அந்த மக்கள் அதனை எவ்வாறு வாழ்ந்தார்கள் என்று பார்ப்பதே பயன் தரும்.

ஹவாய் மரபில் ஒரு பிறப்புக் கதை உண்டு. வானத்தந்தையாகிய வாக்கேயாவுக்கும் ஹோஹோக்குக்கலானிக்கும் பிறந்த முதற் குழந்தை உயிரின்றிப் பிறந்தது. அதனைப் புதைத்த இடத்தில் சேம்பு முளைத்தது. அடுத்துப் பிறந்த ஆண் குழந்தைக்கு ஹாலோவா என்று பெயரிட்டார்கள். மனிதகுலம் அவனிலிருந்து பெருகியது. அப்படியானால் சேம்பு மனிதனுக்கு அண்ணன். அண்ணன் தம்பிக்கு உணவூட்டுகிறான்; தம்பி அண்ணனுக்கு நீர் பாய்ச்சிக் களை பறித்துப் பணிவிடை செய்கிறான். குடும்பம் என்பதற்கு அவர்கள் சொல்லும் 'ஒஹானா' கூடச் சேம்பின் பக்கக் கன்றைக் குறிக்கும் 'ஒஹா' என்ற சொல்லிலிருந்து பிறந்ததுதான். அவித்த சேம்பங் கிழங்கை இடித்து, நீர் சேர்த்துப் பிசையும் 'போய்' என்ற உணவுக் கிண்ணம் திறந்திருக்கும்போது வீட்டில் எவரும் சண்டை பிடிக்கலாகாது என்பது பழைய வழக்கம். மூத்தவர் சபையில் இருக்கையில் வாய்த்தர்க்கம் செய்வதுண்டா? அவ்வளவுதான் காரணம்.

சரி, சண்டை மூண்டேவிட்டால்? அதற்கும் ஒரு முறை இருந்தது. 'போனோ' என்பது நேர்மை, முறைமை. 'ஹோபோனோபோனோ' என்பது முறைப்படுத்துதல். குடும்பத்தார் அனைவரும் கூடுவர். மூத்தவர் ஒருவர் பிரார்த்தனையோடு தொடங்கி, இன்ன காரியத்துக்காகக் கூடியிருக்கிறோம் என்று எடுத்துரைப்பார். பிறகு ஒவ்வொருவரும் தம் மனத்தில் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒருவரை நோக்கி ஒருவர் பேசுவதில்லை. எல்லாம் மூத்தவர் ஊடாகவே. சினம் ஏறினால் அவர் மௌனம் விதிப்பார். 'ஹலா' என்பது குற்றம். அந்தக் குற்றத்திலிருந்து விளையும் மனக்கசப்பையும் பழிக்குப்பழியையும் 'ஹிஹியா' என்பார்கள். வலையில் விழும் சிக்கல் போன்றது. குற்றம் ஒரு கயிறு. அது இழைத்தவனை மட்டும் கட்டுவதில்லை, இழைக்கப்பட்டவனையும் சேர்த்தே கட்டுகிறது. வெங்காயத்தின் தோலை உரிப்பதுபோல ஒவ்வொரு சிக்கலாக நீக்கி அடிவரை போவார்கள். குற்றம் செய்தவர் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பார். எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கவும் கெடுத்ததைச் சீராக்கவும் அங்கேயே ஏற்பாடு செய்யப்படும். அதன் பின்னரே 'கலா', அதாவது கட்டவிழ்ப்பு. இருவரும் ஒருவரையொருவர் அவிழ்த்து விடுவார்கள். ஈற்றில் எல்லோரும் சேர்ந்திருந்து உண்பார்கள்.

இப்படிப்பட்ட அன்பு வீட்டுக்குள் செல்லுபடியாகும். துப்பாக்கியோடு வருபவனிடம் செல்லுமா?

1891 ஜனவரியில் மன்னர் கலாகவுவா சான் பிரான்ஸிஸ்கோவில் காலமாக, அவருடைய சகோதரி லிலியுவோகலானி அரியணை ஏறினார். இசைவல்லவர், கவிஞர். உலகமெங்கும் பாடப்படும் 'அலோஹா ஒஏ' அவர் இயற்றிய பாடல்தான். (அது காதலர் பிரிவைப் பாடியது, நாட்டைப் பறிகொடுத்த பாடலாக மக்கள் அதைக் கேட்கத் தொடங்கியது பின்னர்.) 1887ஆம் ஆண்டு ஆயுதமுனையில் தம் அண்ணன்மீது திணிக்கப்பட்ட அரசியலமைப்பை மாற்ற அவர் முனைந்தார். சீனித் தோட்டங்களோடும் வணிகத்தோடும் தொடர்புடைய வெள்ளையர் அதற்கு இசையவில்லை. பதின்மூவர் கொண்ட குழுவொன்று எழுந்தது. 1893 ஜனவரி 16ஆம் திகதி 'பொஸ்டன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து 160க்கு மேற்பட்ட வீரர்கள் ஹொனலூலுவில் இறங்கினார்கள். மறுநாள் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. உயிர்ச்சேதம் நேராதிருக்கவே பணிவதாகவும், கவிழ்த்தவர்களுக்கு அன்றி ஐக்கிய அமெரிக்காவின் மேலான படைபலத்துக்கே பணிவதாகவும் அரசி எழுத்தில் பதித்தார். அமெரிக்கா உண்மையை ஆராய்ந்து நீதி வழங்கும் என்பது அவர் நம்பிக்கை.

பாதி நம்பிக்கை பலித்தது. ஜனாதிபதி குளீவ்லண்ட் விசாரணைக்கு ஆளனுப்பினார். நடந்தது அநீதி என்று கண்டார். நவம்பரில் அவருடைய தூதுவர் அல்பர்ட் வில்லிஸ் அரசியிடம் வந்தார். உங்களை மீண்டும் அமர்த்தினால், கவிழ்த்தவர்களுக்கு முழுமையான பொதுமன்னிப்பு அளிப்பீர்களா என்பதே அவர் கேட்ட கேள்வி. அரசி உடனே இணங்கவில்லை. நாட்டின் சட்டப்படி இராஜத் துரோகத்துக்கு மரணமே தண்டனை என்றார். 'தலையை வெட்டுவேன்' என்று அவர் சொன்னதாகச் செய்தி பரவியது. அப்படிச் சொல்லவில்லை என்று அவர் பின்னர் மறுத்தார்.

இங்கே சற்று நிற்க வேண்டும், நேயர்களே. பலர் இந்த இடத்தை விரைவாகக் கடந்துபோவார்கள். அன்பின் திருவுருவமாக அரசியைக் காட்ட விரும்புவோருக்கு அந்தத் தயக்கம் சங்கடமானது. என்னைக் கேட்டால், அந்தத் தயக்கம்தான் அவரது மன்னிப்புக்குப் பெறுமதி தருகிறது. குற்றத்தை எவரும் ஒப்புக்கொள்ளவில்லை. எடுத்த எதுவும் திரும்பி வரவில்லை. அவிழ்க்கும்படி மட்டும் கேட்கிறார்கள், அதுவும் கட்டப்பட்டவரிடம். ஹோபோனோபோனோவின் ஒழுங்கே அங்கு தலைகீழாக நின்றது. அப்படியிருந்தும், ஒரு மாதத்துக்குப் பின், டிசம்பர் 18ஆம் திகதி, எவர்மீதும் பழி தீர்ப்பதில்லை என்று அவர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தார். அதன் பின்னர் ஆட்சியைத் திருப்பித் தருமாறு தூதுவர் கேட்க, சன்ஃபோர்ட் டோலின் அரசாங்கம் முடியாது என்றது. மன்னிப்பு ஆயத்தமாயிருந்தது, பெற்றுக்கொள்ளத்தான் ஆளில்லை.

1895 ஜனவரியில் அரசியின் ஆதரவாளர் நடத்திய கிளர்ச்சி தோற்றது. அரசி கைதானார். ஒப்பமிடாவிட்டால் தம்மைச் சார்ந்தவர்களின் உயிர் போகும் என்று அறிவிக்கப்பட்டதாலேயே முடிதுறந்ததாக அவர் தமது நூலில் எழுதியுள்ளார். இயோலானி அரண்மனையில், அவரது அரியணை மண்டபத்திலேயே இராணுவ நீதிமன்றம் கூடியது. கிளர்ச்சியை அறிந்தும் மறைத்தார் என்று ஐந்தாண்டுக் கடூழியமும் 5,000 டொலர் அபராதமும் விதித்தார்கள். கடூழியம் நிறைவேற்றப்படவில்லை, மேல்மாடி அறையொன்றில் சுமார் எட்டு மாதங்கள் அடைக்கப்பட்டிருந்தார். பத்திரிகை வாசிக்கத் தடை. அன்பர்கள் அனுப்பிய மலர்களைச் சுற்றிவந்த பத்திரிகைத் தாளில்தான் வெளியுலகம் அவரை எட்டியது. இசைக்கருவி இல்லாத தொடக்க நாட்களில் தம் குரலை மட்டும் துணைகொண்டு சுரங்களை எழுதினார். தமக்குத் தீங்கிழைத்தவர்களை மன்னிக்குமாறு இறைவனை இரக்கும் பாடல் ஒன்று அந்த அறையில் பிறந்தது. இருளில் தொடங்கி, பவளப்பூச்சியை மூத்த பிறப்பாக வைத்து மன்னர்வரை உறவுமுறை சொல்லும் 'குமுலிப்போ' என்னும் 2,000 அடிகளுக்கு மேற்பட்ட படைப்புப் பாடலை அவர் மொழிபெயர்க்கத் தொடங்கியதும் அந்தச் சிறைவாசத்தில்தான். அது 1897இல் அச்சேறியது.

மன்னித்தவர் வழக்கைக் கைவிட்டாரா என்றால், இல்லை. நிலத்தின்மேல் அன்பு என்று பொருள்படும் 'அலோஹா ஆய்னா' என்ற பெயரிலேயே மக்கள் சங்கம் அமைத்திருந்தார்கள். அந்தச் சங்கத்தார் 1897இல் தீவு தீவாகச் சென்று, அமெரிக்காவோடு இணைப்பதை எதிர்த்து 21,000க்கு மேற்பட்ட ஒப்பங்களைத் திரட்டினார்கள். பூர்வீக ஹவாய் மக்களின் தொகையே அப்போது சுமார் 40,000தான். மகஜர் வொஷிங்டனுக்குப் போனது. இணைப்பு ஒப்பந்தத்துக்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு வாக்கு செனற் சபையில் கிடைக்கவில்லை. 1898இல், சாதாரண பெரும்பான்மை போதுமான கூட்டுத் தீர்மானம் என்ற குறுக்கு வழியால் காரியம் முடிக்கப்பட்டது.

1909இல் அரசி தமது சொத்தை அநாதைக் குழந்தைகளுக்கென நம்பிக்கை நிதியமாக எழுதி வைத்தார். 1917இல் காலமானார். அந்த நிதியத்தின் சிறுவர் நிலையத்தில் பணியாற்றியோர், ஹவாய்க் குடும்பங்களின் துயரை மேனாட்டு உளவியல் நூல்கொண்டு மட்டும் தீர்க்க இயலாது எனக் கண்டு, பேரறிஞர் மேரி கவேனா புக்குயியை நாடினார்கள். அவரது நினைவிலிருந்து 1972இல் வெளிவந்த 'நானா இ கே குமு' என்ற நூலால்தான் ஹோபோனோபோனோவின் பழைய ஒழுங்கு நமக்கு இவ்வளவு விரிவாகக் கிடைக்கிறது. தனித்திருந்து நான்கு வாக்கியங்களை உச்சரித்தால் போதும் என்று இன்று உலகச் சந்தையில் உலவுவது அதுவல்ல. அதில் எதிரே இருக்க வேண்டிய மனிதர் இல்லை, திருப்பிக் கொடுத்தலும் இல்லை.

ஆட்சி கவிழ்ந்து நூறாண்டு நிறைந்த 1993இல், நவம்பர் 23ஆம் திகதி, ஜனாதிபதி பில் கிளிண்டன் ஒரு தீர்மானத்தில் ஒப்பமிட்டார். ஹவாய் மக்களிடம் ஐக்கிய அமெரிக்கா மன்னிப்புக் கேட்டது. 18 இலட்சம் ஏக்கர் நிலம் சம்மதமும் இழப்பீடும் இன்றி எடுக்கப்பட்டதையும் அத்தீர்மானம் ஒப்புக்கொண்டது. குடும்பக் கூட்டமாக இருந்தால், எடுத்ததை எவ்வாறு திருப்பித் தருவாய் என்று மூத்தவர் அடுத்துக் கேட்டிருப்பார். அந்த நிலங்களை ஹவாய் மாநிலம் விற்கலாமா என்ற வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம்வரை சென்றது. மன்னிப்புத் தீர்மானத்தின் வாசகங்கள் மாநிலத்தின் கையைக் கட்டமாட்டா என்று 2009இல் நீதியரசர்கள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.