நாடா தறியும் டிசைன் கணினியும்

கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவே இருக்கும் கருமத்தம்பட்டியில் நின்றால் இரண்டு தொழில்களையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். ஒருபுறம் சோமனூர் வரை பரந்து கிடக்கும் விசைத்தறிக் கூடங்கள். மறுபுறம் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் பிரிண்டிங் பட்டறைகளுக்கும் பூவும் கோடும் வரைந்து தரும் டிசைனர்களின் அறைகள். நாடா தறி வைத்திருப்பவர், அதைக் கழித்துவிட்டு நாடா இல்லாத ரேப்பியர் தறி போடலாமா என்று யோசிக்கிறார். டிசைனர், இருக்கும் கணினியைத் தள்ளிவிட்டுப் பெரிய சிஸ்டம் ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறார். முதலாவதற்கு ஆகும் பணத்தில் இரண்டாவது பலமுறை அடங்கும். ஆனாலும் இரண்டு யோசனைகளையும் அருகருகே வைத்தால், ஒன்று மற்றொன்றுக்கு வெளிச்சம் காட்டுகிறது.

ஜக்கார்டின் துளை அட்டை பாபேஜின் கணக்கு இயந்திரத் திட்டத்துக்குப் போன கதை பலரும் அறிந்தது. அதில் நாம் நிற்க வேண்டியதில்லை. அதைவிட நெருங்கிய உறவுகள் உண்டு. துணியின் நெருக்கத்தைத் தறிக்காரர் அங்குலத்துக்கு இத்தனை இழை என்று அளக்கிறார். படத்தின் நெருக்கத்தை டிசைனர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்று அளக்கிறார். சாதாரணத் தறியை ஓட்டும் ஒரு குதிரைத்திறன் மோட்டார் என்பது 746 வாட். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கணினிக்குக் கடைக்காரர் பரிந்துரைக்கும் பவர் சப்ளை பெரும்பாலும் 750 வாட். ஒரு தறியை ஆட்டுகிற அளவுக்கு மின்சாரம் வழங்கவல்ல பெட்டி, சத்தமின்றி மேசைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. கட்டணத்தில் மட்டும் உறவு முறிகிறது: விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் என்று 2023-ல் தமிழக அரசு உயர்த்தியது, டிசைனரின் அலுவலகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

இரண்டிலும் முதலில் கேட்க வேண்டியது வேகத்தைப் பற்றி அன்று, நிற்பதைப் பற்றி. அங்குலத்துக்கு 60 ஊடை கேட்கும் துணியில், நிமிடத்துக்கு 130 பிக் (ஊடை) ஓடும் நாடா தறி மணிக்கு 130 அங்குலம், அதாவது சுமார் 3.3 மீட்டர் நெய்ய வேண்டும். நெய்வதில்லை. நாடாவுக்குள் இருக்கும், ஊடை நூல் சுற்றிய தார் சில நிமிடங்களில் தீர்ந்துபோகிறது. நெசவாளர் தறியை நிறுத்தி, வெறும் தாரை எடுத்துப் புதுத் தாரைச் செருகி, நூல் முனையை நாடாவின் கண்ணில் இழுத்துவிட்டு மறுபடி ஓட்டுகிறார். நடுவில் பாவு இழை அறுந்தால் தேடி முடிச்சுப் போட வேண்டும். அந்த நேரமெல்லாம் தறி மனிதருக்காகக் காத்திருக்கிறது.

கணினியில் காத்திருப்பது மனிதர். ரோட்டரி பிரிண்டிங்கில் திரையின் சுற்றளவு வழக்கமாக 64 செ.மீ. துணி அகலம் 160 செ.மீ. என்று கொள்வோம். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அந்தப் பரப்பு ஏறக்குறைய 14 கோடிப் புள்ளிகளாகிறது. நான்கு நிறத்துக்கும் ஒவ்வொரு பைட் என்றால் ஒரு லேயருக்கு 570 எம்.பி. நிரம்பிய லேயர்கள் பத்து இருந்தால் 5.7 ஜி.பி.; செய்ததைத் திரும்ப அழிக்கும் வசதிக்காக மென்பொருள் சேர்த்துவைக்கும் நகல்கள் தனி. 8 ஜி.பி. ரேம் உள்ள கணினி இதைத் தாங்காமல், மிச்சத்தை ஹார்டு டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கிறது. டிசைனர் ஒரு பூவின் நிறத்தை மாற்றிவிட்டுச் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த இழப்பை இரண்டு தொழிலும் ஒரே மாதிரி சதவீதத்தில் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை. தறி ஓடியிருக்க வேண்டிய நேரத்தில் எவ்வளவு ஓடியது என்பதே அதன் எஃபிஷியன்சி. போட்டோஷாப் சாளரத்தின் அடியிலும் எஃபிஷியன்சி என்று ஒரு எண்ணைக் காட்டச் செய்யலாம். அது 100-க்குக் கீழே இறங்கினால், வேலை ரேமைத் தாண்டி டிஸ்க்குக்குப் போய்விட்டது என்று பொருள். தறிக்காரர் அந்தக் கணக்கை மனதிலேயே வைத்திருக்கிறார். டிசைனர்களில் பலர் அந்த எண்ணைப் பார்க்காமலேயே புதுக் கணினிக்கு விலை விசாரிக்கப் போகிறார்கள்.

எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், முழுதாக மாற்றுவதற்கு முன் நடுவழி ஒன்று தென்படும். தறிக்கு அந்த வழியை மத்திய அரசே திட்டமாக வகுத்தது. 2013-ல் முன்னோட்டமாகத் தொடங்கி, பின்னர் 2017-ன் பவர்டெக்ஸ் இந்தியாவில் சேர்ந்த அத்திட்டம், சாதாரணத் தறியை இருந்த இடத்திலேயே மேம்படுத்த உதவியது: பாவு இழை அறுந்தால் தானே நிற்கும் அமைப்பு, பாவைச் சீராக விடும் அமைப்பு, நல்ல பிரேக், தேவைப்பட்டால் டாபி அல்லது ஜக்கார்டு. கணினிக்கு இதன் நேர் இணை, ரேமை 32 ஜி.பி.க்கு உயர்த்திப் பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடுவது. அச்சு டிசைன் மட்டும் செய்பவருக்கு என் பரிந்துரை இதுவே. கோரல்டிராவும் போட்டோஷாப்பும் அன்றாட வேலைகளில் பலவற்றுக்குப் பிராசசரின் ஒற்றைக் கோரின் வேகத்தையே நம்புகின்றன. விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு அங்கே பெரும்பாலும் சும்மா இருக்கும்.

ஆனால் மிச்சமாகும் நேரம் பணமாகிறதா என்பதில் இரண்டும் பிரிகின்றன. கூலிக்கு நெய்பவருக்கு மீட்டர் கணக்கில் கூலி. பாவும் நூலும் வந்துகொண்டிருந்தால், தறியின் ஒவ்வொரு கூடுதல் மீட்டரும் வரவு. வராவிட்டால் எந்த வேகமும் பயன்படாது. 2025 மார்ச்சில் கூலி உயர்வு கேட்டுத் தொடங்கி ஏப்ரல் வரை நீண்ட வேலைநிறுத்தத்தில் கூடங்கள் அடைந்து கிடந்ததை இந்த ஊர் பார்த்தது. டிசைனருக்கோ டிசைன் கணக்கில் பணம். கணினி இரண்டு மணி நேரம் மிச்சப்படுத்தினாலும், ஆர்டர் தரும் பையரின் ஒப்புதல் வர நாளாகும். அவர் வாங்கும் வேகம் மீட்டராக மாறுவதில்லை. இன்னொரு நிறச் சேர்க்கையைப் போட்டுப் பார்க்கும் துணிவாக மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை நிமிடம் காத்திருக்க வேண்டிய கணினியில் மனிதர் மூன்றாவது முயற்சியிலேயே திருப்தியடைந்துவிடுகிறார். இந்த ஆதாயம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது. என்றாலும் வேலையின் தரத்தைத் தூக்குவது அதுதான் என்பதால் இதற்கு நான் அதிக எடை கொடுப்பேன்.

முதுமையிலும் இரண்டின் விதி வேறு. ரேப்பியர் ஊடையை வெட்டி வெட்டிக் கோப்பதால் துணியின் ஓரம் பிசிராக நிற்கிறது. நாடா போய்த் திரும்பி வருவதால் பழைய தறியில் ஓரம் தானாக மூடிக்கொள்கிறது. ஜப்பானின் ஒகயாமாவில் பழைய நாடா தறிகளில் நெய்த டெனிம் அந்த ஓரத்துக்காகவே கூடுதல் விலைக்குப் போகிறது. ஆக, பழைய தறி செய்வதைப் புதிய தறி அப்படியே செய்துவிடுவதில்லை. பழைய கணினிக்கு இந்தப் பெருமை இல்லை. அதில் பிறந்த எந்த டிசைனும் புதியதில் இன்னும் எளிதாகப் பிறக்கும். மேலும், தறி தேய்ந்து சாகிறது, கணினி பெரும்பாலும் தேயாமலே காலாவதியாகிறது. 2025 அக்டோபர் 14-ல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல கணினிகள், பிராசசர் பழையது என்ற காரணத்தால் விண்டோஸ் 11-க்குத் தகுதி இழந்தன. சோமனூரில் ஒரு தறியைத் தொலைவிலிருந்து யாரும் அப்படி ஓய்வு பெறச் செய்ய முடியாது. அதை எடைக்குப் போடுவது உரிமையாளரின் முடிவு, அதற்குப் பின்னால் நின்ற கடனின் முடிவு.

விலை என்று வரும்போது மறுபடி ஒன்றுபடுகிறார்கள். 2022 மே மாதம் ஒரு கண்டி பருத்தி, அதாவது 356 கிலோ, ஒரு லட்ச ரூபாயைத் தொட்டபோது இந்த வட்டாரம் திணறியது. 2025-ன் கடைசி மாதங்களில் ரேம் விலை தாவியது; செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்கள் உலகெங்கும் மெமரியை இழுத்துக்கொண்டதே காரணம். நூலைப் போலவே ரேமும், இங்கே வாங்குபவருக்குத் தொடர்பே இல்லாத சந்தைகளில் விலை பெறுகிறது. நான் சொன்ன நடுவழி மேம்பாட்டின் செலவும் அதனால் கூடியிருக்கிறது. பழைய மதர்போர்டுக்கு ஏற்ற ரேமைத் தேடி வாங்கும் செலவு புதுக் கணினி விலையில் பாதியை எட்டினால், புதிதையே வாங்குவது மேல்.

அந்த நிலைக்கு முன்னரே புதிது வேண்டியவர்களும் உண்டு. அகலத் துணியும் பழுதற்ற ஏற்றுமதித் தரமும் கேட்கும் ஆர்டர் கைக்கு வந்துவிட்டவருக்கு ரேப்பியர் அவசியம். டி-ஷர்ட்டைத் தைக்காமலே திரையில் முப்பரிமாணச் சாம்பிளாகக் காட்டச் சொல்லும் பையர் கிடைத்துவிட்ட டிசைனருக்கு வலுவான கிராஃபிக்ஸ் கார்டு அவசியம். துணியின் மடிப்பையும் தொய்வையும் கணக்கிடும் க்ளோ போன்ற மென்பொருள் அதைப் பிழிந்து வேலை வாங்கும். இருவருக்கும் வரிசை ஒன்றுதான்: ஆர்டர் முன்னே, இயந்திரம் பின்னே. தறிக்காரர் இதில் பிசகினால் மீளப் பல வருடம் ஆகும். டிசைனர் பிசகினால் சில மாத வருமானத்தில் மீண்டுவிடுவார், அதனால் அவர் சற்றுத் துணிந்தே முடிவெடுக்கலாம்.