நீச்சல் முறைகள்

நீச்சல் முறைகள் என்பன கைவீச்சு, கால் உதை, மூச்சு ஆகிய மூன்றையும் ஒருங்கிணைத்து நீரில் முன்னேறும் வழிகள் ஆகும். போட்டிகளில் தன்விருப்ப நீச்சல், மல்லாந்த நீச்சல், மார்பு நீச்சல், வண்ணத்துப்பூச்சி நீச்சல் என நான்கு பிரிவுகள் உள்ளன. 1908 இல் இலண்டனில் தொடங்கப்பட்ட பன்னாட்டு நீச்சல் கூட்டமைப்பு இவற்றின் விதிகளை வகுக்கிறது. 2023 முதல் இவ்வமைப்பு வேர்ல்டு அக்குவாட்டிக்சு என அழைக்கப்படுகிறது.

வகைகள்

* தன்விருப்ப நீச்சல்: எம்முறையிலும் நீந்தலாம். எனினும் குப்புறப் படுத்துக் கைகளை மாற்றி மாற்றி வீசும் முறையே மிக விரைவானது என்பதால் வீரர்கள் அதனையே கையாள்கின்றனர்.
* மல்லாந்த நீச்சல்: முகம் நீருக்கு மேலே இருப்பதால் மூச்சுவிடுதல் எளிது.
* மார்பு நீச்சல்: கால்கள் தவளையைப் போல மடங்கி விரியும். 1875 இல் மேத்யூ வெப் பெரும்பாலும் இம்முறையிலேயே ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார்.
* வண்ணத்துப்பூச்சி நீச்சல்: மார்பு நீச்சலிலிருந்து பிரிந்தது. 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் முதன்முறையாகத் தனிப் பிரிவானது.

கற்கும் வரிசை

தமிழக ஊர்களில் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக் கிணற்றில் நீந்தப் பழக்குவது மரபு. நீச்சல் குளங்களில் உதைபலகை பயன்படுகிறது. முதலில் நீருக்குள் மூச்சை வெளிவிடப் பழக வேண்டும். அடுத்து மிதத்தல், சுவரை உதைத்துச் சறுக்குதல், கால் உதை, கைவீச்சு என்ற வரிசையில் கற்பது நலம்.

நுட்பத்தை மேம்படுத்தல்

நீரின் அடர்த்தி காற்றைப் போல் ஏறத்தாழ 800 மடங்கு. நீரின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. ஆகவே வலிமையைக் கூட்டுவதைவிடத் தடையைக் குறைப்பதே தொடக்கநிலையில் அதிகப் பயன் தரும்.

மூச்சுக்காகத் தலையை நிமிர்த்தினால் இடுப்பும் கால்களும் தாழ்ந்து தடை மிகும். தலையை உயர்த்தாமல், உடலுடன் சேர்த்துப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். மூச்சை அடக்கி வைப்பது மற்றொரு பிழை; வெளியே வந்ததும் விடவும் இழுக்கவும் நேரம் போதாமல் திணறல் ஏற்படும்.

வேகம் என்பது ஒரு வீச்சில் கடக்கும் தொலைவு, ஒரு நொடியில் வீசும் வீச்சுகள் ஆகியவற்றின் பெருக்கல் ஆகும். 25 மீட்டரை 25 வீச்சுகளில் கடப்பவர் அதே நேரத்தில் 20 வீச்சுகளில் கடந்தால், ஒரு வீச்சின் தொலைவு 1 மீட்டரிலிருந்து 1.25 மீட்டராகிறது. வீச்சுகளை எண்ணிக்கொண்டு நீந்துவது முன்னேற்றத்தை அளக்க எளிய வழி.

சென்னையும் மேற்குப் புறநகரும்

1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக வேளச்சேரி நீச்சல் வளாகம் கட்டப்பட்டது. மெரினாவில் மாநகராட்சி நீச்சல் குளம் உள்ளது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் கொரட்டூர், அம்பத்தூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் எனப் பல ஏரிகள் உள்ளன. ஆனால் ஏரிகள் நீச்சல் கற்க ஏற்றவை அல்ல. சேறு, ஆகாயத்தாமரை, மண் எடுத்த பள்ளங்கள் போன்றவை நீந்தத் தெரிந்தவரையும் சிக்கவைக்கக்கூடும்.

பாதுகாப்பு

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி 2021 இல் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். மூழ்குபவரைக் காக்கப் பயிற்சியற்றவர் நீரில் குதிப்பது இருவர் உயிரையும் பறிக்கலாம். கரையிலிருந்தே கயிறு, கழி, புடவை, காலிப் பிளாசுடிக் குடம் ஆகியவற்றில் ஒன்றை நீட்டவோ எறியவோ வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* குற்றாலீசுவரன் – 1994 இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த தமிழக வீரர்
* ஆழிக்குமரன் ஆனந்தன் – 1971 இல் பாக்கு நீரிணையை இருவழியும் நீந்திக் கடந்த வல்வெட்டித்துறை வீரர்