அரைமுக நலிவு நோயும் ஸ்டீராய்டு மருத்துவமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

முகத்தின் ஒரு பாதியில் தோலும் அதனடியிலுள்ள கொழுப்பும், சிலருக்குத் தசையும் எலும்பும் மெல்ல நலிந்து முகம் குழிவது பாரி-ராம்பெர்க் நோய் எனப்படும். பெரும்பாலும் 20 வயதுக்குள் தோன்றும் இவ்வரிய நோய், சில ஆண்டுகள் வளர்ந்து பின்னர்த் தானே அடங்கும் இயல்புடையது. இதற்குக் கார்ட்டிகோஸ்டீராய்டு அளிக்கும் வழக்கம், நோயின் காரணம் பற்றிய கருத்து மாறியதன் விளைவு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நரம்புவழி விளக்கம்

இங்கிலாந்தின் பாத் நகர மருத்துவர் கேலப் ஹில்லியர் பாரி இந்நோய் குறித்து எழுதியது, அவர் மறைந்தபின் 1825-இல் வெளியான தொகுப்பில் இடம்பெற்றது. 1846-இல் பெர்லின் மருத்துவர் மோரிட்ஸ் ஹைன்ரிச் ராம்பெர்க் இதனை விரித்துரைத்தார். திசுக்களின் ஊட்டத்தை நரம்புகளே ஆள்கின்றன என்பது அக்காலக் கருத்து. அதன்வழி நின்று அவர் இதனை நரம்பு சார்ந்த ஊட்டக்கேடாகக் கொண்டார். 1871-இல் ஆல்பெர்ட் ஆய்லன்பர்க் 'வளர்ந்துசெல்லும் அரைமுக நலிவு' எனப் பொருள்படும் பெயரை வழங்கினார். இப்பெயர் தோற்றத்தைச் சுட்டுகிறதேயன்றிக் காரணத்தைச் சுட்டவில்லை.

ஸ்டீராய்டின் வருகை

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹெஞ்ச் குழுவினர், முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோனைச் செலுத்தி அதன் அழற்சி தணிக்கும் ஆற்றலைக் கண்டனர். 1950-இல் ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் நோபல் பரிசு பெற்றனர். எனினும், நரம்புக் கேடாகக் கருதப்படும் நோய்க்கு இம்மருந்தை அளிக்க முகாந்திரம் இல்லை. அதனை அளித்தது ஸ்க்ளிரோடெர்மா என்னும் தோல் இறுக்க நோயுடன் காணப்பட்ட உறவாகும். நெற்றியில் வாள்வெட்டுத் தழும்புபோல் தோன்றும் அதன் ஒரு வகை, அரைமுக நலிவுடன் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவதுண்டு. எனவே, உடலின் எதிர்ப்பாற்றல் தன் திசுவையே தாக்குவதால் இந்நோய் விளைகிறது என்னும் கருத்து வலுப்பெற்றது. ஸ்க்ளிரோடெர்மாவின் மருத்துவம் இதற்கும் உரியதாயிற்று.

மதிப்பீட்டுச் சிக்கல்

தானே அடங்கும் நோயில் மருந்தின் பயனைப் பிரித்தறிதல் கடினம். நோயாளிகள் மிகச் சிலரே என்பதால் ஒப்பீட்டு ஆய்வும் எளிதன்று. 2011-இல் இத்தாலிய ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு, ஸ்க்ளிரோடெர்மா கொண்ட 70 சிறாரைப் பற்றியது. அனைவருக்கும் முதல் 3 மாதங்கள் பிரெட்னிசோன் அளிக்கப்பட்டது. அதனுடன் மெத்தோட்ரெக்சேட்டும் பெற்ற பிரிவினரே நீடித்த பயனடைந்தனர். அரைமுக நலிவுக்கு இம்முடிவு ஒப்புமையால் மட்டுமே பொருந்தும். நெடுநாள் ஸ்டீராய்டு சிறாரின் வளர்ச்சியையும் எலும்பையும் பாதிக்கும் என்பதால், இவ்வொப்புமையின் வலிமை கருத்தளவில் நிற்கும் வினா அன்று.

முடிவுரை

ஸ்டீராய்டு நோயின் வளர்ச்சியைத் தடுக்கும் நோக்குடன் அளிக்கப்படுவது. இழந்த திசுவை அது மீட்பதில்லை. நோய் அடங்கியபின் கொழுப்பு ஒட்டு முதலிய அறுவை முறைகளே முகத்தைச் சீராக்குகின்றன. இந்நோய்க்கென ஸ்டீராய்டு கண்டறியப்படவில்லை. நோயை வேறோர் இனத்தில் வைத்து எண்ணியதே அம்மருந்தைக் கொணர்ந்தது. அரிய நோய்களின் மருத்துவ வரலாற்றில் வகைப்பாடே சிகிச்சையைத் தீர்மானிக்கும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.