ஓரத்தில் நிற்பவனை அளத்தல்

அமெரிக்கக் கால்பந்து என்ற பெயரே நமக்குச் சற்றுக் குழப்பமானது. காலால் உதைப்பது அதில் அரிது. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறிவதும், எதிரியை மண்ணில் சாய்ப்பதுமே ஆட்டம். அதன் விதிகளை இங்கே விளக்கப் போவதில்லை. அந்த ஆட்டத்தில் ஒரேயோர் இடத்தை மட்டும், அந்த இடத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த வரலாற்றை மட்டும் பார்க்கலாம். ஒரு மனிதனைப் பார்த்து ‘இவன் தேறுவான்’ என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எளிதில் கிடைக்காது என்று நினைக்கிறோம்.

அந்த இடத்தின் பெயர் டிஃபென்சிவ் எண்ட். தற்காப்பு வரிசையின் ஓரத்தில், ஒரு கையை மண்ணில் ஊன்றிக் குனிந்து நிற்பவன். பந்து நகர்ந்த கணத்தில் அவன் பாய வேண்டும். எதிரே முந்நூறு பவுண்டு எடையுள்ள ஒருவன் வழிமறிப்பான். அவனைத் தள்ளியோ, ஏமாற்றியோ, அவன் தோளுக்குக் கீழே வளைந்து நுழைந்தோ, பந்தை எறியக் காத்திருக்கும் குவாட்டர்பேக்கை எட்டிப் பிடிக்க வேண்டும். இதற்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று வினாடி. கடக்க வேண்டிய தொலைவோ பத்துக் கஜத்துக்கும் குறைவு. யானையின் எடையும் பூனையின் வளைவும் ஓருடலில் வேண்டும் என்று கேட்பது போன்றது இது.

கல்லூரியில் ஆடும் இளைஞர்களைத் தொழில்முறை அணிகள் பங்கிட்டுக்கொள்ளும் முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் 1935இல் இதை முன்மொழிந்தார். அவருடைய அணி தோற்றுக்கொண்டே இருந்தது. நல்ல வீரர்கள் பணம் படைத்த அணிகளுக்கே போயினர். கடைசியில் நிற்கும் அணி முதலில் தேர்ந்தெடுக்கட்டும் என்றார் பெல். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: தேர்ந்தெடுக்கப்பட்டவன் வேறு எந்த அணியோடும் கூலி பேச முடியாது. 1936இல் நடந்த முதல் டிராஃப்டில் முதல் பெயராக அழைக்கப்பட்ட ஜே பெர்வாங்கர், தொழில்முறை ஆட்டத்தில் ஒரு நாளும் ஆடவில்லை. தொடக்கமே இப்படி.

அக்காலத்தில் வீரர்களைத் தேடி ஊர் ஊராகச் செல்லும் ஸ்கவுட்டுகள் மிகச் சிலர். பத்திரிகைச் செய்திகளும் பயிற்சியாளர்களின் வாய்ச்சொல்லும்தான் ஆதாரம். பத்திரிகைகளின் கண் படாத கல்லூரிகள் எவை? கறுப்பின மாணவர்களுக்கென்று தென்மாநிலங்களில் இருந்த கல்லூரிகள். டீக்கன் ஜோன்ஸ் அங்கிருந்து வந்தவர். தென் கரோலினாவில் இனவுரிமைப் போராட்டம் ஒன்றில் கலந்துகொண்டதற்காக உதவித்தொகையை இழந்து, மிசிசிப்பியில் ஒரு தொழிற்கல்லூரியில் சேர்ந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணியினர் வேறொரு வீரரை ஆராயப் படச்சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எதிரணியின் இந்தப் பெரிய உடம்புக்காரர் அந்த ஓட்டக்காரரையே துரத்திப் பிடிப்பதைக் கண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. 1961இல் 14ஆம் சுற்றில், 186ஆவது ஆளாக அவரை எடுத்தார்கள். அவர் தம் இடத்தின் இலக்கணத்தையே மாற்றி எழுதினார். குவாட்டர்பேக்கை வீழ்த்துவதற்கு ‘சாக்’ என்று பெயரிட்டவரும் அவரே. ஒரு நகரைச் சூறையாடுவதோடு அதை ஒப்பிட்டார். அந்தச் சொல் ஆட்டக்குறிப்பேட்டில் வீரர்களின் கணக்காக ஏறியது 1982இல்தான். ஜோன்ஸ் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். ஆக, சூறையாடலுக்குப் பெயர் வைத்தவரின் பெயரில் அதிகாரபூர்வமாக ஒரு சூறையாடலும் இல்லை.

ஜோன்ஸ் கண்ணில் பட்டது தற்செயல். அதே கண்ணைத் திட்டமிட்டுத் திருப்பியவர் பில் நன். பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகையில் விளையாட்டுப் பகுதியைக் கவனித்து, கறுப்பினக் கல்லூரிகளின் சிறந்த வீரர்களை ஆண்டுதோறும் பட்டியலிட்டு வந்தவர். 1960களின் இறுதியில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவரைத் தங்களுக்காக வேலை செய்ய அழைத்தது. 1969இல் ஆர்கன்சாவின் கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து, பத்தாம் சுற்றில், எல்.சி. கிரீன்வுட் என்ற டிஃபென்சிவ் எண்ட் வந்தார். நான்கு சூப்பர் பவுல் வெற்றிகளில் அவருக்குப் பங்குண்டு. மற்ற அணிகளின் ஸ்கவுட்டுகளைவிட நன் கூர்மையானவர் என்பதல்ல இதன் பொருள். அவர்கள் போகாத மைதானங்களுக்கு அவர் போனார், அங்கே அவரை அறிந்தவர்கள் இருந்தார்கள். நன் 2014இல் மறைந்தார். 2021இல் அவர் பெயர் ஆட்டத்தின் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டது.

இதே பத்தாண்டில் டல்லஸ் நகரில் வேறொரு சோதனை நடந்தது. இதில் நம்மவர் ஒருவர் வருகிறார் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். டல்லஸ் கௌபாய்ஸ் அணியின் மேலாளர் டெக்ஸ் ஷ்ராம் கணிப்பொறியை நம்பியவர். ஐபிஎம்மின் துணை நிறுவனம் ஒன்று அவருக்கு அனுப்பிய புள்ளியியலாளர் சலாம் குரேஷி, இந்தியாவிலிருந்து போனவர். அவருக்குத் தெரிந்த ஆட்டம் கிரிக்கெட். அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஷ்ராமுக்கோ புள்ளியியல் தெரியாது. இருவரும் உட்கார்ந்து பேசினார்கள்.

குரேஷி கேட்டவை ஒரு குழந்தை கேட்பது போன்ற கேள்விகள். அதனாலேயே அவை பயன்பட்டன. ஒருவன் ‘விரைவானவன்’ என்று ஸ்கவுட் எழுதுகிறார். எதில் விரைவு? நேராக ஓடுவதிலா, திரும்புவதிலா, முதலடி வைப்பதிலா? இன்னொரு ஸ்கவுட் எழுதும் ‘விரைவு’ம் இதுவும் ஒன்றா? சொல் ஒன்றாக இருந்து பொருள் வேறாகிவிட்டால் கணிப்பொறி என்ன செய்யும்? சில நூறு தன்மைகளில் தொடங்கிய பட்டியலைக் குறைத்துக்கொண்டே வந்து ஐந்தில் நிறுத்தினார்கள்: குணம், உடலைக் கட்டுப்படுத்தும் விரைவு, போட்டி மனம், புத்திக் கூர்மை, வெடித்தெழும் வலிமை. ஸ்கவுட்டுகள் இவற்றுக்கு எண் போட வேண்டும். இலக்கியத்தில் ‘நல்ல நடை’ என்று எழுதிவிட்டுக் கடந்துபோகும் விமர்சகர்களிடமும் யாராவது இப்படிக் கேட்கலாகாதா என்று நமக்குத் தோன்றுகிறது. ஐந்தில் மூன்றையாவது எந்த நாடாவாலும் அளக்க முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். குணத்துக்கு எண் போட்டாலும், அதைப் போடுவது ஒரு மனிதனின் கைதான்.

நாடாவின் காலம் பிறகு வந்தது. 1982இல் தொடங்கி, 1987 முதல் இண்டியானாபோலிஸ் நகரில் நடந்துவரும் கம்பைன் என்ற தேர்வுமுகாமில் இளைஞர்கள் அரைக்கால் உடையில் நிற்க, உயரம், எடை, கையின் நீளம், உள்ளங்கையின் அகலம் எல்லாம் அளக்கப்படுகின்றன. மாட்டுச்சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது நினைவுக்கு வரத்தான் செய்கிறது. அளக்கப்படுவோரில் பெரும்பாலோர் கறுப்பர்கள் என்பதால், அமெரிக்காவில் பலருக்கு நினைவுக்கு வருவது வேறொரு சந்தை. 225 பவுண்டு எடையை எத்தனை முறை தூக்குகிறான், நின்றபடி எவ்வளவு உயரம் குதிக்கிறான், 40 கஜத்தை எத்தனை வினாடியில் ஓடுகிறான் என்றெல்லாம் சோதனைகள். பத்துக் கஜம்கூட ஓடத் தேவையில்லாதவனை எதற்காக நாற்பது கஜம் ஓடவிடுகிறார்கள்? உதைத்த பந்தைத் துரத்தும் தொலைவென்று கருதிப் பால் பிரவுன் என்ற பயிற்சியாளர் வைத்த வழக்கம் அது என்பார்கள். விவரம் அறிந்தவர்கள் அந்த ஓட்டத்தின் முதல் பத்துக் கஜத்தைத்தான் தனியே குறித்துக்கொள்கிறார்கள்.

தேர்வு என்று ஒன்று வந்தால் தேர்வுக்குப் படிப்பவனும் வருவான். 1995இல் பாஸ்டன் கல்லூரியின் மைக் மமுலா, இந்தச் சோதனைகளையே குறிவைத்துப் பயின்று போனார். 40 கஜத்தை 4.58 வினாடியில் ஓடினார். எடையை 28 முறை தூக்கினார். அவரைப் பெற, ஈகிள்ஸ் அணி 12ஆம் இடத்தையும் கூடுதல் தேர்வுகளையும் டாம்பா பே அணிக்குக் கொடுத்து ஏழாம் இடத்துக்கு ஏறியது. டாம்பா அந்த 12ஆம் இடத்தில் வாரன் சாப்பை எடுத்தது; பின்னர் 28ஆம் இடத்தில் டெரிக் புரூக்ஸையும் எடுத்தது. இருவரும் இன்று புகழ்க்கூடத்தில் இருக்கிறார்கள். மமுலா ஐந்து பருவங்களில் 31.5 சாக்குகள் எடுத்து, காயங்களோடு ஓய்ந்தார். அவரைக் கேலிக்குரிய பெயராக்கிவிட்டது நியாயமில்லை. அந்தக் கணக்கு மோசமானதன்று. விலை ஏற்றியவர்கள் வேறு யாரோ.

இதற்கு நேரெதிர் டெரல் சக்ஸ். 2002இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஒரே பருவத்தில் 24 சாக்குகள். கல்லூரி ஆட்டத்தின் சாதனை அது. சோதனை ஓட்டத்தில் நாற்பது கஜத்துக்கு 4.8 வினாடி அளவில் ஆகிவிட, பத்தாம் இடம் வரை சரிந்தார். பால்டிமோர் அவரை எடுத்தது. 139 சாக்குகள் எடுத்த பின்னரே ஓய்வு பெற்றார். அப்படியானால் கல்லூரிக் கணக்கை நம்பலாமா? 2007இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெர்னன் கோல்ஸ்டன் 14 சாக்குகள் எடுத்தார். கம்பைனில் எடையை 37 முறை தூக்கினார். கணக்கும் இருந்தது, உடலும் இருந்தது. நியூயார்க் ஜெட்ஸ் 2008இல் ஆறாம் இடத்தில் அவரை எடுத்தது. அங்கே மூன்று ஆண்டுகளில் அவர் எடுத்த சாக்குகள்: பூஜ்யம்.

ஜாரட் ஆலன் ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகம் என்ற சிறிய இடத்திலிருந்து, 2004இல் நான்காம் சுற்றில், 126ஆவது ஆளாக வந்தார். 136 சாக்குகள், 2025இல் புகழ்க்கூடம். இங்கே சறுக்கியது நாடா மட்டுமில்லை. சிறிய கல்லூரி, களத்துக்கு வெளியே தொந்தரவு என்ற பேச்சு, இரண்டும் சேர்ந்தன. ‘குணம்’ என்ற கட்டத்தில் யாரோ சிலர் குறைந்த எண்ணைப் போட்டிருக்க வேண்டும்.

அந்தக் கட்டம் எதையெல்லாம் கொள்ளும் என்ற கேள்வி 2014இல் வந்தது. மிசூரி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சாம், முந்தைய பருவத்தில் 11.5 சாக்குகள் எடுத்து, நாட்டின் மிகக் கடுமையான போட்டிப் பிரிவின் சிறந்த தற்காப்பு வீரர் விருதைப் பகிர்ந்துகொண்டவர். பிப்ரவரியில், தாம் ஒருபால் விருப்பினர் என்று வெளிப்படையாக அறிவித்தார். சில நாட்களில் கம்பைன். 40 கஜத்துக்கு 4.91 வினாடி, எடை தூக்கியது 17 முறை. எண்ட் இடத்துக்கு உடல் சிறிது, பின்வரிசைக்கு வேகம் போதாது என்றார்கள். எண்கள் உண்மையானவைதாம். ஆனால் சக்ஸுக்குப் பத்தாம் இடத்தோடு முடிந்த சந்தேகம் இவருக்கு எங்கே போய் நின்றது? மொத்தம் 256 பேர் தேர்ந்தெடுக்கப்பட்ட டிராஃப்டில் 249ஆவது ஆளாக ராம்ஸ் அவரை எடுத்தது. டீக்கன் ஜோன்ஸை எடுத்த அதே அணி. முன்பருவ ஆட்டங்களில் மூன்று சாக்குகள் எடுத்தார். ஆகஸ்ட் இறுதியில் விடுவிக்கப்பட்டார். டல்லஸின் பயிற்சிக்குழுவில் சில வாரங்கள் இருந்தார். லீகின் முறையான ஆட்டம் ஒன்றிலும் அவர் இறங்கவில்லை. 2015இல் கனடாவின் மான்ட்ரியால் அணிக்காக ஓர் ஆட்டம் ஆடிவிட்டு விலகிக்கொண்டார்.