இளம் குத்துச்சண்டை வீரரின் உணவும் எடை கூட்டலும்

அமெச்சூர் குத்துச்சண்டையில் எடை கூட்டல் என்பது மேல் எடைப் பிரிவில் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு உடம்பைத் தசையால் ஏற்றுவது. வெறுமனே பருமனாவது அதில் சேராது. ஒருவர் யாரோடு மோதுவார் என்பதை இந்த விளையாட்டில் முதலில் தீர்மானிப்பது தராசுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 51, 57, 63.5, 71, 80, 92 கிலோ, 92-க்கு மேல் என ஏழு பிரிவுகள் இருந்தன. பெண்களுக்கு 50, 54, 57, 60, 66, 75 என ஆறு. ஒவ்வோர் எண்ணும் அந்தப் பிரிவின் உச்ச வரம்பு. 58 கிலோ இருக்கும் பையனால் 57-ல் நிற்க முடியாது. அடுத்த பிரிவுக்குப் போனால், பயிற்சிக் காலத்தில் 65, 66 இருந்துவிட்டு 63.5-க்கு இறங்கி வந்தவர்களின் குத்தை வாங்க வேண்டும். வயதுப் பிரிவுக்கும் போட்டிக்கும் ஏற்ப எண்கள் மாறினாலும், வளரும் வயதில் இரண்டு பிரிவுகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் இந்தச் சிக்கல் எல்லா இடத்திலும் உண்டு.

இந்தியாவில் இதற்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு மேரி கோம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது 51, 60, 75 என்று மூன்றே பிரிவுகள். அதுவரை அவர் பெற்றிருந்த ஐந்து உலகப் பட்டங்களும் 48 கிலோவிலோ அதற்குக் கீழோ வென்றவை. ஒலிம்பிக் மேடை ஏற வேண்டுமென்றால் 51-க்கு வந்தாக வேண்டும், வந்தார். அரையிறுதியில் தன்னைவிட உயரமான பிரிட்டன் வீராங்கனை நிக்கோலா ஆடம்ஸிடம் 11-6 என்று தோற்று வெண்கலம் பெற்றார். 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் அதே 51-ல் தங்கம் வென்றார். ஆனால் ஆறாவது உலகப் பட்டத்தை 2018-ல் டெல்லியில் வென்றது மறுபடி 48-க்கு இறங்கித்தான். எடையைச் சாப்பிட்டு ஏற்றலாம், கை நீளத்தை ஏற்ற முடியாது. மேல் பிரிவுக்குப் போகும் முன் பயிற்சியாளர்கள் உயரத்தையும் கை வீச்சையும் பார்ப்பது இதனால்தான். அமித் பங்கால் 49-லிருந்து 52-க்கும், லவ்லினா போர்கோஹெய்ன் 69-லிருந்து 75-க்கும் போனதற்கும் காரணம் அவர்களது பிரிவு ஒலிம்பிக்கில் நீக்கப்பட்டதே. பங்கால் 2019 உலகப் போட்டியில் வெள்ளியும், லவ்லினா 2023-ல் உலகப் பட்டமும் வென்றார்கள்.

தொழில்முறைச் சண்டையில் பொதுவாக முந்தின நாளே எடை பார்த்துவிடுவார்கள். அமெச்சூர் போட்டியில் சண்டை நாள் காலையில் எடை பார்ப்பது, அன்றே மோதல். அடுத்த சுற்றுக்கு முன்னேறினால் அந்த நாளும் தராசில் ஏற வேண்டும். தண்ணீரை வற்றவைத்து எடை காட்டிவிட்டு ஒரு நாள் முழுக்கத் தேற்றிக்கொள்ளும் தொழில்முறைத் தந்திரம் இங்கே செல்லாது. அந்தத் தந்திரம் உயிருக்கே ஆபத்தானது என்பதற்கும் சான்று உண்டு: 1997-ல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் எடை குறைக்கும் முயற்சியிலேயே இறந்தார்கள். அதன் பிறகே அங்கு விதிகள் இறுகின. பிளாஸ்டிக் உடையில் ஓடி வியர்வையாகக் கொட்டுவதைவிட, வளரும் வீரரை இயல்பான எடைக்கேற்ற பிரிவில் இறக்குவது எவ்வளவோ மேல்.

கூடும் எடை தசையாக இருக்க வேண்டுமானால் நிதானம் வேண்டும். வாரத்துக்கு உடல் எடையில் கால் முதல் அரை சதவீதம் என்பது நியாயமான வேகம். 60 கிலோ வீரருக்கு இது 150 முதல் 300 கிராம். மூன்று கிலோ ஏறப் பத்து முதல் இருபது வாரம் ஆகும். முதல் வாரத்திலேயே ஒரு கிலோ ஏறிவிட்டால் அதில் பெரும்பகுதி நீர்தான்: தசையில் சேமிப்பாகும் மாவுச்சத்தான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைக் கூடவே பிடித்து வைக்கும். இந்த வேகத்துக்கு அன்றாடச் செலவைவிட 300 முதல் 500 கலோரி கூடுதலாகக் கிடைத்தால் போதும். இரண்டு வாழைப்பழம், ஒரு தம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை என்று சேர்த்தாலே கணக்கு அங்கே வந்துவிடும்.

புரதத்தின் அளவு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.4 முதல் 2 கிராம். 60 கிலோ வீரருக்கு 84 முதல் 120 கிராம். நான்கு முட்டையில் 24 கிராம், அரை லிட்டர் பாலில் 16, சமைத்த கோழிக்கறி 150 கிராமில் சுமார் 40, வேர்க்கடலை 50 கிராமில் 12. சோறு, சாம்பார், இட்லி, சுண்டலில் வருவது மீதியை நிரப்பும். சைவர்களுக்கு 50 கிராம் சோயா உருண்டையில் 26 கிராம் கிடைக்கும். பன்னீர், தயிர், கொண்டைக்கடலையும் கைகொடுக்கும். ஒரே வேளையில் கொட்டிக்கொள்வதைவிட நான்கைந்து வேளையாகப் பிரித்துச் சாப்பிடுவது தசைக்கு நல்லது.

பையன் எத்தனை முட்டை சாப்பிட்டான் என்று எண்ணும் வீடுகளில் சோற்றுக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. அங்கேதான் பிழை நடக்கிறது. மூன்று நிமிடம் கொண்ட மூன்று சுற்றுக்கும், அதற்கு மாதக்கணக்கில் செய்யும் ஓட்டம், ஸ்கிப்பிங், ஸ்பாரிங் எனும் பயிற்சி மோதலுக்கும் எரிபொருள் மாவுச்சத்து. கிலோவுக்கு 5 முதல் 7 கிராம், கடும் பயிற்சி நாளில் இன்னும் கூடுதலாக வேண்டும். அது குறைந்தால் உடம்பு சாப்பிட்ட புரதத்தையே எரித்துவிடும். விடியற்காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு போகாமல் ஒரு வாழைப்பழமோ இரண்டு பேரீச்சையோ போட்டுக்கொள்ளலாம். கடுமையான ஸ்பாரிங் முடிந்த கையோடு பசி எடுக்காது. தட்டைப் பார்த்தாலே குமட்டும். அந்த நேரத்துக்குக் கேழ்வரகுக் கஞ்சியில் பாலும் வெல்லமும் கலந்து குடிப்பது நல்ல உபாயம்: மென்று விழுங்கும் வேலை இல்லை, கால்சியமும் சேர்ந்து வரும். நன்றாகப் பசித்த பிறகு முழுச் சாப்பாடு. பரோட்டாவும் பொரித்ததும் தராசை வேகமாக ஏற்றும் என்பது உண்மை. ஆனால் கூடியது கொழுப்பென்றால் மூன்றாவது சுற்றில் கால் நகராது.

சாப்பாட்டோடு வாரம் இரண்டு மூன்று நாள் பளு தூக்கும் பயிற்சியும் வேண்டும். தூண்டுதல் இல்லாமல் தசை வளராது. பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை.

பெண் வீரர்களிடம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று இரும்புச்சத்துக் குறைவு. காரணமில்லாமல் மூச்சு வாங்கினால் ஹீமோகுளோபின் பார்ப்பது முதல் வேலை. மற்றொன்று மாதவிலக்கு நின்றுபோவது. பயிற்சிக்குத் தேவையான உணவு உள்ளே போகவில்லை என்பதற்கு அது முக்கியமான எச்சரிக்கை. சில பயிற்சிக்கூடங்களில் அதை உழைப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்வது ஆபத்தான மடமை. எலும்பு தேய்ந்து விரிசல் விழும் வரை இது போகலாம். ஆண்களுக்கும் உணவுப் பற்றாக்குறையால் ஹார்மோன் குறைவு வரும். வெளியே தெரியும் அறிகுறி இல்லாததால் தாமதமாகத்தான் கண்டுபிடிப்பார்கள்.

புரதப் பொடி உணவின் வசதியான வடிவம், அவ்வளவுதான். மேலே சொன்ன சாப்பாடு கிடைக்கிற வீட்டில் அதற்கு அவசியம் இல்லை. கிரியேட்டின் பெரியவர்களிடம் நன்கு சோதிக்கப்பட்ட பொருளாக இருந்தாலும், 18 வயதுக்குட்பட்டோர் பயன்படுத்துவதை அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி ஊக்குவிப்பதில்லை. ‘மாஸ் கெயினர்’ என்று விற்கும் டப்பாக்களில் பெரும்பகுதி சர்க்கரையும் மாவும். சிலவற்றில் பட்டியலில் அச்சிடாத தடை செய்யப்பட்ட பொருளும் கலந்திருக்கலாம். ஊக்கமருந்து விதிப்படி உடம்பில் அகப்பட்டதற்கு வீரரே பொறுப்பு. கடைக்காரர் ஏமாற்றினார் என்பது மட்டும் தப்பிக்கப் போதாது. மருத்துவர் சொல்லி ஏதேனும் பொடி வாங்கியே தீர வேண்டுமென்றால், ரசீதையும் தொகுப்பு எண் உள்ள டப்பாவையும் பத்திரமாக வைத்துக்கொள்வது, பின்னால் விசாரணை வந்தால் உதவும்.