ஓயாத ஐயம்

கதவைப் பூட்டியவர் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது இயல்பு. இருபது முறை பார்த்தும் மனம் அடங்கவில்லையெனில், அதனை எண்ணச் சுழற்சி நோய் என்பர் மருத்துவர். இந்நோயைப் பற்றி அறிஞர் கொண்ட கருத்து மாறிவந்த வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

முன்னாளில் ஐரோப்பாவில் இது சமயத் துறையைச் சார்ந்திருந்தது. 1660-இல் ஆங்கிலப் பாதிரியார் ஜெரமி டெயிலர், அளவு மீறிய மனச்சான்றின் தொல்லையைத் தம் நூலில் ஆராய்ந்தார். 1838-இல் பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் ஒரு பெண்ணின் வரலாற்றை எழுதினார். அத்தை வீட்டிலிருந்து திரும்புகையில், அவர்தம் பொருள் ஏதேனும் தன்னோடு வந்துவிடுமோ என்று அவள் அஞ்சத் தொடங்கினாள். நாளடைவில் எதைத் தொட்டாலும் அவ்வச்சம் தொடர்ந்தது. கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அச்சம் பொருளற்றது என்பதை அவளே அறிவாள். ஆயினும் அதனை வெல்ல இயலவில்லை. அறிவு குன்றாமலே அல்லலுறுவதுதான் இந்நோயின் கொடுமை.

1909-இல் சிக்மண்ட் பிராய்டு ஆழ்மனத்தில் காரணம் தேடினார். சிகிச்சையில் பெருந்திருப்பம் 1966-இல் நேர்ந்தது. லண்டனில் விக்டர் மேயர் என்பவர், ஓயாது கழுவும் ஒரு நோயாளியைத் தாதியரின் துணையோடு கழுவவிடாது தடுத்தார்; அறையின் தண்ணீர்க் குழாய்களும் மூடப்பட்டன. அஞ்சிய கேடு நேரவில்லை; அச்சம் தணிந்தது.

1978-இல் ராக்மன் என்பவரும், இலங்கையில் பிறந்த பத்மல் த சில்வாவும் ஓர் உண்மையை வெளியிட்டனர். தகாத எண்ணங்கள் நலமுள்ளோர் பெரும்பாலோர்க்கும் தோன்றுகின்றன! அவர்கள் அவற்றைப் பொருட்படுத்தாது விடுகின்றனர்; நோயாளியோ, "இப்படி நினைத்தவன் செய்தவனுக்கு ஒப்பாவான்" என்று நடுங்குகின்றார். நேரக்கூடிய தீங்கு அனைத்திற்கும் தாமே பொறுப்பு என்று கருதும் இம்மனப்போக்கினை 1985-இல் சால்கோவ்ஸ்கிஸ் விளக்கினார்.

ஆகவே இன்றைய சிகிச்சை, அஞ்சும் பொருளைப் படிப்படியாக எதிர்கொண்டு, வழக்கமான கழுவலையும் சரிபார்த்தலையும் செய்யாதிருக்கப் பழக்குகின்றது. பலர்க்கு மருந்துகளும் துணைபுரிகின்றன. இம்முயற்சி நோயாளியின் இசைவோடு நிகழ்தல் வேண்டும்.

இல்லத்தார் அறியவேண்டியது ஒன்றுண்டு. "பூட்டியாயிற்று, கவலை வேண்டா" என்று நூறுமுறை கூறுவது அன்புதான்; ஆயினும் அவ்வாறுதல் சிறிது நேரமே நிற்கும்; ஐயம் மீண்டும் வந்து கேட்கும். ஏளனமும் பயன்படாது. தீய எண்ணம் தோன்றுவதாலேயே ஒருவர் தீயவராகிவிடுவதில்லை. அதற்கு அவர் அஞ்சுவதே அவருடைய நல்லுள்ளத்தைக் காட்டும். இதனை அவர்க்கு எடுத்துரைத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே நாம் செய்யத்தக்க உதவியாகும்.