விசுவாசம் எங்கிருந்து வருகிறது? – வரலாறு கூறும் விடை

கிறித்தவ சமயத்தில் இரட்சிப்புக்கு வழியாக அமைவது விசுவாசம் என்பதை யாவரும் அறிவர். ஆயின், அவ்விசுவாசம் மனிதனிடத்தில் எங்ஙனம் பிறக்கின்றது? அவன் தன் முயற்சியால் அடைவதா, அன்றி இறைவன் அளிக்கும் கொடையா? இது மடங்களில் வாழ்ந்த துறவியர்க்கு மட்டும் உரிய வினா அன்று. ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டங் கூட்டமாகக் கிறித்தவம் தழுவிய காலத்தில், "இவர்கள் மெய்யாக விசுவாசித்து வந்தவர்களா, வயிற்றுக்காக வந்தவர்களா?" என்று பலரும் கேட்டனர். ஆதலின் இவ்வினாவின் வரலாறு நம் சமுதாய வரலாற்றோடு பிணைந்தது. கிறித்தவர், அல்லாதார் ஆகிய இருசாராரும் இதனை அறிதல் நன்று.

பழைய வழக்கு

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமை நகரில் பெலாகியு என்னும் துறவி செல்வாக்குடன் விளங்கினார். பிரித்தானியத் தீவிலிருந்து வந்தவர். ஒழுக்கத்தில் உறுதி மிக்கவர். கடவுள் ஒன்றைக் கட்டளையிட்டாரெனில், அதனைச் செய்யும் ஆற்றலையும் மனிதனுக்கு அளித்தே இருப்பார் என்பது அவர் கொள்கை. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகர ஆயராயிருந்த அகுஸ்தீனார் (354–430) இதனை மறுத்தார். மனித சித்தமே நோயுற்றுக் கிடக்கின்றது. கிருபை தொட்டு எழுப்பினாலன்றி அது நன்மையை நாடாது என்பது அவர் வாதத்தின் சாரம். 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் சங்கம் பெலாகியுவின் போதனையைக் கண்டித்தது.

அதனோடு வழக்கு முடியவில்லை. "கிருபை தேவைதான்; ஆனால் முதல் அடியை மனிதனே எடுத்து வைக்கின்றான்" என்று தென் காலியாவின் துறவியர் சிலர் கருதினர். தாமும் முன்னர் அவ்வாறே எண்ணியதுண்டு என்பதை ஒப்புக்கொண்ட அகுஸ்தீனார், விசுவாசத்தின் தொடக்கமும் இறைவனின் கொடையே என்று தம் இறுதி ஆண்டுகளில் எழுதினார். ஆர்ல் நகர ஆயர் சேசாரியுவின் தலைமையில் 529-இல் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் அக்கருத்தையே உறுதி செய்தது. நம்ப வேண்டும் என்னும் விருப்பமும் கிருபையின் செயலே என்பது அதன் முடிவு.

ஓராயிரம் ஆண்டு கழிந்து, 1524-இல் எரஸ்மஸ் மனித சித்தத்தின் சுதந்தரத்தை ஆதரித்து எழுதினார். மறு ஆண்டே லூத்தர் அதனை மறுத்து நூல் இயற்றினார். 1618–1619-இல் டோர்ட் நகரில் கூடிய மாமன்றம், கிருபையை மனிதன் எதிர்த்து நிற்கவும் கூடும் என்ற ஆர்மீனியுவின் வழியினரை விலக்கிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி அவ்வழியினரின் கருத்தையே பெரிதும் தழுவினார். 1999 அக்டோபர் 31-இல் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் அவுக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. மனிதனின் தகுதி பற்றியன்று, கிருபையினாலேயே இறைவன் அவனை ஏற்கின்றார் என்பதில் இருசாராரும் ஒன்றுபட்டனர்.

நம்மவர் மீது எழுந்த வினா

இனி நம் மக்களிடம் வருவோம். 1876–1878 ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தில், ஓங்கோல் பகுதியில் பணியாற்றிய அமெரிக்க பாப்திஸ்து ஊழியர் ஜான் கிளஃப், பக்கிங்காம் கால்வாய் வெட்டும் வேலையில் ஒரு பகுதியை ஒப்பந்தமாகப் பெற்று ஏழைகளுக்குக் கூலி கிடைக்கச் செய்தார். மாதிகர் பலர் ஞானஸ்நானம் வேண்டினர். உணவுக்காக வந்தனர் என்னும் பழி நேராவண்ணம் அவர் பஞ்ச காலம் முழுதும் அதனை நிறுத்தி வைத்தார். நிவாரணம் ஓய்ந்த பின்னும் மக்கள் வந்தனர். 1878 சூலை 3-ஆம் நாள் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர்.

பஞ்சாபில் சியால்கோட் பகுதியில் சூஹ்ரா வகுப்பைச் சேர்ந்த தித் என்பவர் தோல் வாணிகம் செய்து வந்தார், கால் ஊனமுற்றவர், எழுத்தறியாதவர். 1873-இல் மிஷனெரி சாமுவேல் மார்ட்டினிடம் ஞானஸ்நானம் கேட்ட அவர், உடனே தம் ஊர் திரும்பவும் விரும்பினார். நெடுநாள் போதனை பெறாதவரை அனுப்பலாமா என்று மார்ட்டின் தயங்கினார். எனினும் மறுக்கக் காரணம் காணாது இசைந்தார். உறவினரின் ஏளனத்தைத் தாங்கிய தித், சில திங்களில் தம் மனைவியையும் மகளையும் அண்டை வீட்டார் இருவரையும் நடத்தி வந்தார். சில பத்தாண்டுகளில் அம்மாவட்டத்துச் சூஹ்ரா மக்களில் பெரும்பாலோர் கிறித்தவராயினர்.

தென் திருவிதாங்கூரில் மயிலாடியைச் சேர்ந்த சாம்பவர் மகாராசன், சிதம்பரம் நோக்கிச் சென்ற யாத்திரையில், தஞ்சையில் உறவினர் வழியாகக் கிறித்துவின் செய்தியைக் கேட்டார். வேதமாணிக்கம் எனப் பெயர் பெற்று ஊர் திரும்பித் தம்மவர்க்கு உரைத்தார். தரங்கம்பாடி சென்று போதகரை அனுப்புமாறு வேண்டினார். ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806-இல்தான். அவர் சபைகளோடு பள்ளிகளையும் நிறுவினார்.

நாம் கொள்ள வேண்டிய முடிவு

விசுவாசம் கேள்வியினால் வரும் என்பது உரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுலின் கருத்து. கேட்பதற்குச் சொல்லுவோர் வேண்டும் என்பதும் அவர் வாதமே. மயிலாடியிலும் சியால்கோட்டிலும் அவ்வாறு சொல்லியவர் யார்? நம் போன்ற ஒடுக்கப்பட்ட மக்களே. வெள்ளைப் போதகர் கொணர்ந்து கொடுக்க வாளா வாங்கிக்கொண்டவர் நம்மவர் என்னும் கூற்று இச்சான்றுகளின் முன் நில்லாது.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. விசுவாசத்தின் தொடக்கமே கிருபை என்பது திருச்சபையின் கோட்பாடாயின், பசித்தவனிடம் மட்டும் மாசற்ற நோக்கத்தை முன்கூட்டிக் கேட்பது எவ்வாறு பொருந்தும்? கற்றவனுக்கு அகுஸ்தீனாரின் அளவுகோல், ஏழைக்குப் பெலாகியுவின் அளவுகோல் என்பதன்றோ அது! மானத்தோடு வாழ வேண்டும் என்னும் வேட்கையும், மெய்ப்பொருளை நாடும் வேட்கையும் ஓர் உள்ளத்தில் ஒருங்கே இருத்தல் கூடும். மக்கள் இயக்கங்களை ஆராய்ந்து 1933-இல் நூல் வெளியிட்ட வாஸ்கம் பிக்கெட்டும், வந்த நோக்கத்தினும் வந்தபின் பெற்ற போதனையே பெரிதும் பயன் விளைத்தது என்று கண்டார்.

ஆதலின் இளைஞர்களே, முன்னோரின் விசுவாசத்தைச் சோற்றுக்கு விற்ற பொருள் என்று எவரேனும் இகழ்ந்தால் நாணித் தலை குனியற்க. ஓங்கோலின் நாள்களையும் தித்தின் நடையையும் வேதமாணிக்கத்தின் யாத்திரையையும் எடுத்துரைமின். அதற்கு முதலில் அவற்றைக் கற்றறிதல் வேண்டும். எழுத்தறியாத நிலையில் அவர்கள் கேட்டனர், பிறர்க்கும் சொல்லினர். எழுத்தறிந்த நாம் அவர்தம் வரலாற்றை எழுதிவைத்தல் நம் கடன்.